சுவரில் தொங்கிய மிராபெல்

அன்பு மகள் மயேலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், மாடுகள் நலம், உன் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறார், அது ஒன்றுதான் எனக்கு எரிச்சல். நீ அந்த மொந்ரெயால் குளிரில் காதை மூடிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

கடையில் மாட்டுக்கறியைப் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். பொறுமையாகச் சொல்லித்தர நினைத்திருந்தேன், இப்போது பொறுமை இல்லை. முதலில் லேபிளைப் படி. எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே வெட்டியது, மூன்றும் ஒரே இடமாக இருந்தால் நல்லது. நம் லிமூசின் மாடுகள் மாதிரி கறிக்கென்று வளர்த்த இனமா, பால் வற்றிய பிறகு தள்ளிவிட்ட மாடா என்று பார். மெதுவாக வேகவைக்க வேண்டுமென்றால் கன்னமும் கால்கறியும் கேள், சும்மா வதக்கித் தின்ன அதை வாங்கிவிடாதே. இவ்வளவும் பார்த்த பிறகு கடைக்காரன் முகத்தையும் பார், ஏனென்றால் லேபிள் எழுதுகிறவனும் மனுஷன்தான்.

ஏன் சொல்கிறேன் என்றால், நீ பெயர் வைத்தாயே மிராபெல், அந்தப் பசு இரண்டு வருடமாகச் சினை பிடிக்கவில்லை. கறிக்கு விற்றுவிடலாம் என்று நானும் அப்பாவும் பேசி முடிவு செய்தோம். அவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பார்தூ கறிக்கடைச் சுவரில், அந்த வாரம் வெட்டிய மாடு எது, யார் பண்ணை என்று எழுதி மாட்டும் பலகை தொங்கியது. மிராபெல், லிமூசின் இனம், லவேர்ஞ் பண்ணை. எனக்கு வருத்தம்தான், ஆனாலும் நம் பெயரைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது. பெருமை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். ரொட்டிக்கடை வரிசையில் எல்லோர் முன்னாலும் பெய்ரா வீட்டுக்காரி என்னை நிறுத்தினாள். மகன் நிச்சயதார்த்த விருந்துக்கு நம் பெயரை நம்பித்தான் விலாக்கறி வாங்கினாளாம். "உங்க வீட்டு மாட்டை மென்னு மென்னு சம்பந்தி வீட்டாருக்குத் தாடையே கழண்டுபோச்சு, ஒடில்" என்றாள். இத்தனை வருடத்தில் நம் கறியை ஒருவர் குறை சொன்னதில்லை.

நேராகக் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள் இருந்த துண்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நாரெல்லாம் கயிறு மாதிரி, நம் மாடே இல்லை. பார்தூவைக் கேட்டால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கத்தியைத் துடைக்கிறான். பிறகு மெல்ல, "அக்கா, இது எங்கேயிருந்தோ வந்த பால் மாடு. பலகையை மாட்டச் சொன்னது உங்க வீட்டுக்காரர்தான்" என்றான்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்துக் கேட்டால், மிராபெல் உன் லூசியன் பெரியப்பாவின் மேட்டுப் புல்வெளியில் நன்றாக மேய்ந்துகொண்டிருந்ததாம்! பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிட்டாராம் மகராசன். நான் நம்ப வேண்டுமே என்று சிநேகிதன் பார்தூவைப் பிடித்துப் பலகை நாடகம். நாடு முழுக்கத் தேடினாலும் இப்படி இரண்டு முட்டாள்கள் சேர்ந்து கிடைக்கமாட்டார்கள். "அவ என் கையை நக்கினா, ஒடில். நான் என்ன பண்ணுவேன்" என்று சமையலறையில் நின்று கேட்கிறார்.

மாட்டைக் காப்பாற்றியதற்கா எனக்குக் கோபம்? என்னிடம் சொல்லியிருந்தால் நானே வண்டிக் கதவைத் திறந்து இறக்கிவிட்டிருப்பேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்துவிட்டு எனக்கு மனசே இல்லை என்று நினைத்துவிட்டார் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஊருக்கு முன்னால் நம் பெயரைக் கெடுத்ததையும் விடவில்லை. பலகையைக் கழற்ற வைத்தேன். இரண்டு பேரையும் மன்னிப்புக் கேட்கப் பெய்ரா வீட்டுக்கு அனுப்பினேன். சனிக்கிழமை முழுக்க அப்பா அந்தக் கடையில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் போன வாரக் கறி எங்களுடையது இல்லை என்று சொன்னார். காது சிவந்து போயிருந்தது, இருக்கட்டும்.

மிராபெல்லை நேற்று நானே வீட்டுக்கு ஓட்டி வந்தேன். என் கையையும் நக்கியது. அதை அப்பாவிடம் சொல்லவில்லை, அவரோடு இன்னும் பேச்சில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், கடவுள் உன்னோடு இருக்கட்டும். ஒன்று மறக்காதே: அப்பா போன் செய்தால் மிராபெல் பற்றி நீயாக வாயைத் திறக்காதே. உன்னிடமாவது உண்மையைச் சொல்கிறாரா பார்ப்போம்.

கோபம் அவருக்கு, முத்தங்கள் உனக்கு,
அம்மா ஒடில்