தனியாள் கொடுத்த துண்டு

இமாபாரி,
ஜப்பான்,
14 மார்ச் 1993

அன்புள்ள ரூஃபினா,

ஒருவழியாக வீடு கிடைத்துவிட்டது. மாடியில் ஓர் அறை, சின்னச் சமையலறை, பாய் விரித்த தரை. குடிபோனதும் அக்கம்பக்கத்தாருக்குத் துண்டு கொடுத்துத் தலைகாட்டிவிட்டு வர வேண்டும் என்று, கப்பல் பட்டறையில் என்னோடு வரைபடம் போடும் மொரி சொன்னான். இந்த ஊரே துண்டு நெய்கிற ஊர். காகிதம் சுற்றிய துண்டோடு கீழ் வீட்டுக்குப் போனேன். அங்கிருக்கும் ஒச்சி அம்மாதான் வீட்டுச் சொந்தக்காரி. இப்போது அடிக்கடி மீன் சமைத்துக் கொண்டுவந்து கதவைத் தட்டுகிறாள். “ஒண்டி ஆம்பளை, யாரு ஆக்கிப் போடுவா” என்று அவளுக்கு இரக்கம்.

ஜூனில் நீங்கள் வருவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடலாமா? வீடு சிறியது. நம் குட்டி மகள் லூனிங்குக்கு என் முத்தங்கள்.

உன் அன்செல்மோ

இலோய்லோ,
பிலிப்பைன்ஸ்,
29 மார்ச் 1993

அன்செல்மோ,

நலமா என்று கேட்கப் போவதில்லை. வீட்டுக்காரி கையால் மீன் சாப்பிடுகிறவன் நலமாகத்தான் இருப்பான்.

குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னது நீ. அண்ணன் வீட்டு முன்னறையில், பெட்டிகளுக்கு நடுவே நானும் லூனிங்கும் படுத்துக் கிடக்கிறோம். காலையில் காபியைக் கலக்கிக்கொண்டே அண்ணி கேட்கிறாள்: “என்ன ரூஃபினா, உன் ஜப்பான் இன்னும் கட்டி முடியலையா?” நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். நீ ஒண்டி ஆம்பளை என்று அந்த அம்மாளுக்கு யார் சொன்னது? நேராக எழுது. சுற்றி வளைத்தால் படிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவேன்.

ரூஃபினா

இமாபாரி,
11 ஏப்ரல் 1993

அன்புள்ள ரூஃபினா,

நான்தான் சொன்னேன்.

எத்தனையோ வீடு ஏறி இறங்கினேன். வெளிநாட்டுக்காரன் என்றால் கதவு பாதி சாத்திக்கொள்ளும், குழந்தை என்றால் முழுசாக. கடைசியில் தரகர் சொன்னார்: “ஒத்தை ஆளுன்னா ஒச்சி அம்மா விடுவாங்க. தலைக்கு மேல பிள்ளை ஓடுனா அவங்களுக்கு ஆகாது.” துண்டோடு நின்றபோது அவளே கேட்டாள், “குடும்பம் இருக்கா?” என்று. “இல்லைங்க” என்றேன். பழகியபின் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மீன் வர வர வாய் திறக்க முடியாமல் போயிற்று.

கோபித்துக்கொள். ஆனால் கூரை வேண்டும் என்றுதான் செய்தேன்.

அன்செல்மோ

இலோய்லோ,
24 ஏப்ரல் 1993

அன்செல்மோ,

கூரைக்காக எங்களையே இல்லை என்றிருக்கிறாய். செத்துப்போனவர்களைக்கூட ‘இருந்தார்கள்’ என்றாவது சொல்வார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை.

ஆத்திரத்தில் உன் கடிதத்தை அண்ணியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். லூனிங் கதவோரம் நின்றதைக் கவனிக்கவில்லை. அன்று முதல் வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கிறாள். “அம்மா, இப்படி நடந்தா அந்தப் பாட்டிக்குக் கேக்குமா?” என்கிறாள். ஐந்து வயதுப் பிள்ளை, அன்செல்மோ.

விமானச் சீட்டை மாற்ற மாட்டேன். ஜூன் பதினொன்று. அதற்குள் அந்தக் கதவைத் தட்டி, நாங்கள் இருக்கிறோம் என்று சொல். முடியாது என்றால் அதை எழுது. அதன்பிறகு எனக்கு எதுவுமே எழுத வேண்டாம்.

ரூஃபினா

இமாபாரி,
9 மே 1993

ரூஃபினா,

சொல்லிவிட்டேன். உங்கள் புகைப்படத்தையும் காட்டினேன். ஒச்சி அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் நான் கொடுத்த துண்டைக் கொண்டுவந்தாள். சுற்றிய காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

“பொய் சொல்லிக் குடுத்த துண்டுல நான் மூஞ்சி தொடைக்கணுமா?”

“பிள்ளை சத்தம் போடாம பாத்துக்கிறேம்மா” என்றேன்.

“பிள்ளை ஓடுறதைக்கூடப் பொறுத்துக்குவேன். பெத்த பிள்ளையை இல்லைங்கிற ஆளு எனக்கு வேணாம். மாசக் கடைசில கிளம்பிடு.”

அவள் கத்தியிருந்தால் தேவலை. அமைதியாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுபடியும் வீடு ஏறி இறங்கினேன். இந்த முறை ஒவ்வொரு வாசலிலும் வாய் திறந்ததும் “மூணு பேருங்க, அதுல ஒண்ணு ஓடும்” என்றேன். பல கதவுகள் சாத்திக்கொண்டன. சைக்கிள் பழுதுபார்க்கும் தனாபே என்பவர் மட்டும் சிரித்தார். “கீழ நான் நாள் பூரா சுத்தியல் அடிக்கிறேன். மேல அது ஓடட்டுமே” என்றார். கடைக்கு மேலே பழைய வீடு, மழைக்கு ஒழுகும். புதுத் துண்டு கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்த துண்டு அப்படியே பெட்டி மேல் கிடக்கிறது. இன்னொருவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

நீ வருவாயா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்செல்மோ

இலோய்லோ,
20 மே 1993

அன்செல்மோ,

அந்த ஒச்சி அம்மாளை எனக்குப் பிடித்துவிட்டது.

துண்டை யாருக்கும் கொடுக்காதே. காகிதத்தைப் பிரித்துத் துவைத்துக் காயவை. லூனிங் அங்கே முதல் நாள் குளித்ததும் அதில்தான் அவளைத் துவட்ட வேண்டும். நீதான் துவட்ட வேண்டும். பிறகு அவள் நடப்பதைப் பார். குதிகாலைத் தரையில் ஊன்றி அவள் ஓடுகிற அன்றுதான் உன்னோடு பேசுவேன். அதுவரை சோறு போடுவேன், பேச்சு கிடையாது.

ஒழுகுகிற இடத்தில் பெட்டிகளை வைத்துவிடாதே. ஜூன் பதினொன்று.

ரூஃபினா