வேலாயியை வைக்காத மண்டபம்

கல்லருவித் தோட்டம், மேற்பிரிவு,
பொகவந்தலாவை.
12.7.1964

அன்பு மகன் முத்துலிங்கத்துக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மழையோடும் இருமலோடும் இருக்கிறோம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க முருகன் துணையிருக்கட்டும். தங்கச்சி பூரணி பிள்ளையோடு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள், பேரனுக்கு உன் ஜாடை, அதே பிடிவாதம். அச்சு எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி.

சங்க மண்டபத்துக்குப் பதினைந்து வருடமாகிறது, மலர் அச்சடிக்கலாம், வரலாறும் தலைவர் என்று உங்கள் படமும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். நாற்பத்தெட்டில் அடைமழையில் ஒரு சாவு. லயத்து வீட்டின் ஒற்றை அறையான பத்தடிக் காம்பராவில் பிணத்தைக் கிடத்த இடமில்லாமல் அடுப்பை அணைத்துப் பிள்ளைகளை மழையில் நிறுத்தினோம். அன்றைக்குப் பிறந்தது மரண உதவிச் சங்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்கல் சுமந்து, துரையிடம் பழைய தகரம் கேட்டு வாங்கி, மறுவருடமே கட்டி முடித்தோம். சங்கத்து ஆள் யார் செத்தாலும் அங்கே வைப்போம், சங்கத்து ஆண்கள் பாடை தூக்குவார்கள், கங்காணியானாலும் கொழுந்து எடுக்கிறவளானாலும் ஒரே பாய். இதுவரைக்கும் நீ அப்படியே அச்சுக் கோத்துவிடலாம்.

மீதியை இத்தனை வருடமும் உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. ஐம்பதில் வேலைநிறுத்தம் நடந்தபோது, காலையில் பெரட்டுக்களத்துக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்கிறவன் குடும்பத்துக்கு மண்டபமும் இல்லை, தோளும் இல்லை என்று தீர்மானம் போட்டோம். காரியதரிசியாக இருந்து எழுதியவன் நான். மூன்றாம் நாள் பக்கத்து லயத்துச் சின்னராசா போய்ப் பேர் கொடுத்தான், எல்லோரும் காறித் துப்பினார்கள். அவனை அனுப்பியதே நான்தானப்பா. யார் யாரைத் தோட்டத்தை விட்டு விரட்டத் துரை பட்டியல் போடுகிறான் என்று கேட்டு வா, பிறகு சபையில் நானே விளக்கம் சொல்கிறேன் என்று சத்தியம் செய்திருந்தேன். கேட்டு வந்து சொன்னான், முதல் பேர் என்னுடையது. வேலைநிறுத்தம் முடிந்ததும் துரை பட்டியலைக் கைவிட்டான். உளவுக்கு ஆள் அனுப்பியவன் நான் என்று தெரிந்தால் துரை மறுபடி பட்டியலை எடுத்து என்னைத் துரத்துவான் என்று பயந்து சபையில் வாயைத் திறக்கவில்லை. உனக்கு ஆறு வயது, உன்னையே சாக்காக வைத்துக்கொண்டேன். சின்னராசா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், காட்டிக்கொடுக்கவில்லை. சங்கப் புத்தகத்தில் அவன் பேரை வெட்டியது இந்தக் கைதான். அந்த வீட்டில் தண்ணீர் குடித்தாய் என்று உன்னை அடித்தேனே, சீ, நானும் ஒரு மனிதன். பிறகு சொல்லலாம் பிறகு சொல்லலாம் என்று பதினாலு வருடம் போய்விட்டது, நடுவில் தலைவனும் ஆகிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அவன் பெண்சாதி வேலாயி காய்ச்சலில் போய்விட்டாள். தூக்க அவனும் அவன் தம்பியும் மட்டும். எனக்குப் பொறுக்கவில்லை, ஆட்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சங்கத்துச் செல்லசாமி அண்ணன், "அடப்பாவி, எங்க எல்லாரையும் பாவத்துல தள்ளிட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அத்தனை பேரும் அவன் வீட்டுக்குப் போய், மண்டபத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சின்னராசா கத்தவில்லை. "உசுரோட இருந்தப்ப பதினாலு வருசம் அவ அந்த வாசல மிதிக்கலிங்க. இப்ப அவளக் கேக்காம எப்புடித் தூக்கிட்டுப் போறது? இங்கனயே இருக்கட்டும்" என்றான். எல்லோரும் மழையில் லயத்து வாசலிலேயே நின்றோம். பிறகு மற்றவர்களைப் பாடை தூக்க விட்டான். நான் கிட்டப் போனபோது மட்டும் கையை நீட்டித் தடுத்துவிட்டான்.

தலைவர் பதவியை விட்டுவிட்டேன். நான் எழுதிய தீர்மானம் எனக்கும்தான் என்று சொல்லி என் பேரையும் வெட்டச் சொன்னேன், வெட்டிவிட்டார்கள். அம்மா சோறு போடுகிறாள், பேசுவதில்லை. மலரில் என் படம் வேண்டாம். அப்பா பேர் கெட்டுவிடும் என்று இதில் ஒரு வரியையும் விடாதே, விடுவதாயிருந்தால் மலரே வேண்டாம்.

நீ நல்லபடி வாழ வேண்டும், நாலு பேர் மதிக்க இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. எனக்கு ஏதாவது ஆனால் சங்கத்து ஆட்கள் வரமாட்டார்கள், தந்தி கிடைத்ததும் புறப்பட்டு வா. ஒரு தோள் நீ, ஒரு தோள் பூரணி வீட்டுக்காரர். மற்ற இரண்டுக்கும் யாரை வேண்டுமானாலும் கேள், சின்னராசாவை மட்டும் கேட்காதே. கேட்டால் அவன் வந்துவிடுவான்.

உன் அப்பா,
ப. அழகுமுத்து