மஞ்சள் துணிக்கு அந்தப் பக்கம்

அக்கா,

விடிகாலையில் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார், ஏரி நிரம்பிக் கோடியில் வழிந்து போகிறதாம். உடனே மஞ்சள் கரைத்து, பழைய வேட்டியைக் கிழித்து நனைத்தேன். அந்த ஈர மஞ்சள் வாசம் எழுந்ததும் கை நின்றுவிட்டது. நீ எங்களை விட்டுப் போன பிறகு ஏரி வழிவது இதுதான் முதல் தடவை.

இந்த வேலையை நீ ஆரம்பித்தது ஒரு கோடையில். ஏரி காய்ந்து கிடந்தது. மண் அள்ள வந்த வண்டிகள் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் பறித்துவிட்டுப் போயிருந்தன. மழை பெய்துவிட்டால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்குப் பள்ளம் எங்கே தெரியப் போகிறது? நீ நம் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் உயரமான மூங்கிலை நட்டாய். உச்சியில் கட்டுகிற துணியை மஞ்சளில் நனைத்து வரச் சொன்னாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. சாமி காரியத்துக்குக் கட்டுகிற துணியாயிற்றே என்றேன்.

"அதுக்குத்தான்டி. வெறுந்துணி கட்டுனா ஆடு மேய்க்கிறவன் அவுத்துத் தலையில கட்டிக்குவான். மஞ்சத்துணின்னா எவன் கை வைப்பான்?"

அந்த மாதம் மளிகைக் கணக்கில் மஞ்சள்தூள் இரண்டு தரம் ஏறியிருப்பதைப் பார்த்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

நீ சொன்னபடியே ஒருவரும் துணியைத் தொடவில்லை. ஆனால் அதைக் கும்பிடப் போவார்கள் என்று நாம் இரண்டு பேருமே நினைக்கவில்லை. ஏரி நிரம்பிய அன்று, அவலூர்பேட்டையிலிருந்து நம் தெருவுக்குப் புதிதாக வாழ வந்த பெண், கற்பூரத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மூங்கிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் நிற்கிற மஞ்சள் துணி அவளுக்கு அம்மனாகத் தெரிந்திருக்கிறது.

நீ கத்தவில்லை. "அங்க சாமி இல்ல கண்ணு, பள்ளம் இருக்குது. அப்படியே திரும்பி வா" என்றாய். அவள் திரும்பும்போதே கால் சறுக்கியது. தட்டு முழுகி, பூ மட்டும் மிதந்தது. நான் இறங்கப் போனேன். முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

"நீயும் போனா யாரை முதல்ல இழுக்கிறது?"

கரையில் கிடந்த மிச்ச மூங்கிலை எடுத்து, முழங்கால் தண்ணீரில் நின்றபடி நீட்டினாய். அவள் பிடித்துக்கொண்டாள்.

அன்று நீ சாப்பிடவில்லை. காப்பாற்ற நட்ட கம்பே ஒரு உயிரைக் கூப்பிட்டுவிட்டதே என்று மருகினாய். "இப்ப இன்னா பண்றது? கம்பைப் புடுங்கிடலாமா? நீதான் பக்திக்காரி, ஒரு வழி சொல்லு."

நான் எழுத்துக்கூட்டிப் படித்த சாமி புத்தகம் எதிலும் இதற்குப் பதில் இல்லை. தோன்றியதைச் சொன்னேன். கம்பு இருக்கட்டும். கரையில் ஒரு கல்லை நட்டு அதே துணியைக் கட்டுவோம், ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றுவோம். அம்மன் கரைக்கே வந்துவிட்டால் யார் உள்ளே இறங்கப் போகிறார்கள்? அதைக் கேட்ட பிறகுதான் நீ சோறு போடச் சொன்னாய்.

அதுவே வழக்கமாகிவிட்டது. கல்லுக்குப் பூசை முடிந்த பிறகுதான் பிள்ளைகள் குளிப்பார்கள், துணிக்கு இந்தப் பக்கம் மட்டும். பெரியவர்கள் யாராவது மூங்கிலோடு கரையில் நிற்பார்கள்.

இந்தக் கோடையில் நீ இல்லாமல் நாங்களே காய்ந்த ஏரியை நடந்து பார்த்துக் கம்பு நட்டோம். ஏதாவது பள்ளம் விட்டுப்போயிருக்குமோ என்று அன்றிலிருந்து எனக்கு ஓயாத கவலைதான். இன்று துணியோடு கரை ஏறிப் பார்த்தேன், அக்கா. ராஜகிரி மலை முழுசாகத் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. கோடியில் தண்ணீர் கண்ணாடி போல வளைந்து விழுந்தது. அத்தனை பெரிய ஏரிக்கு நடுவே நம் மஞ்சள் துணிகள் சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தன.

நீ இழுத்துப் போட்ட அந்தப் பெண் எனக்கு முன்பே மூங்கிலோடு வந்து நின்றிருந்தாள். ஏன் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகக் கூடாது என்று அவள் மகன் கேட்டான்.

"துணிக்கு அந்தப் பக்கம் சாமியோட எடம். நமக்கு இந்தப் பக்கம் போதும்டா" என்றாள்.

கல்லுக்குத் துணி கட்டித் தண்ணீர் ஊற்றினேன். கோயிலில் கும்பிடும்போது கண் தானாக மூடிக்கொள்ளும் எனக்கு. ஏரிக்கு முன்னால் மட்டும் மூடுவதில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் கரையேறும் வரை, கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட்டேன்.