மோட்டாருக்கு நான் செய்த அபிஷேகம்

அன்புள்ள ஹர்ஷிணி அம்மணிக்கு,

கருமத்தம்பட்டியிலிருந்து உன் சித்தப்பன் எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, உன்னைப் பெற்ற என் அண்ணன், அண்ணி, என் மூட்டு வலி எல்லோரும் சௌக்கியம். அங்கே பின்லாந்தில் நீயும் ஒன்றன்மேல் ஒன்றாக நீ போட்டிருக்கும் ஐந்து ஸ்வெட்டர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் பாதியில் பொய் சொல்லிவிடுவேன். பேனா மெதுவாகப் போவதால் உண்மை பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது.

நான் வேலை பார்க்கும் மில்லில் பஞ்சுத் தூசியை உறிஞ்சும் பெரிய ஃபேன் உனக்கு ஞாபகமிருக்கும், சின்ன வயதில் பார்த்துவிட்டு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாயே, அதுதான். அது ஓடும்போது சோமனூர் வரைக்கும் ஒரு காக்கை தைரியமாகப் பறக்காது. அது நின்றால் மொத்த மில்லும் நின்றுவிடும். ஆயுத பூஜை லீவு முடிந்து காலை ஏழு மணிக்கு சுவிட்சைப் போட்டால், அந்த மோட்டாரை ஓட்டும் டிரைவ் பெட்டி ‘எர்த் ஃபால்ட்’ என்று காட்டிவிட்டு நின்றுகொண்டது. கரன்ட் எங்கேயோ தரைக்குக் கசிகிறதாம். ரீசெட் செய்தால் மறுபடியும் அதே பாட்டு. பதினோரு மணிக்கு ஷெட் மேல் வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியது. ஆர்டர் குறைவு என்று இப்போது பகல் ஷிஃப்ட் மட்டும்தான், சாயங்காலம் நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் போட்டால் திரும்பவும் மக்கர். அங்கே மோட்டார் இன்ஜினியராக இருக்கும் நீகூட போனில், டிரைவுக்குள்ள சென்சார் போயிருக்கும் சித்தப்பா, பெட்டியையே மாத்திருங்க என்றாய். பின்லாந்தே சொன்ன பிறகு யார் மறுப்பது, ஸ்டோரில் இருந்த புதுப் பெட்டியை மாட்டினோம். அதுவும் மாட்டின அன்றைக்கே எர்த் ஃபால்ட் என்றது.

நான்கு காலைகள் இப்படிப் போனதும் முதலாளி ரவிக்குமார் எங்கள் எலக்ட்ரீஷியன் வேலுமணியைக் கூப்பிட்டார். பூஜைக்கு முந்தின வாரம் அந்த மோட்டாருக்குக் கேபிள் மாற்றியவர் வேலுமணிதான். கேபிள்ல என்னமோ பண்ணிப்போட்டீங்க, சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற மில்லு பாத்துக்கங்க வேலுமணி என்றார். நம் ஊரில் வேலையை விட்டு அனுப்புவதும் ‘ங்க’ போட்டுத்தான். பத்தொன்பது வருடம் வேலை பார்த்த மனிதர், சரிங்க என்று மட்டும் சொன்னார். அவர் வீட்டுக்காரி பழனியாத்தாள்தான் உன் சித்தியிடம் வந்து, அக்கா, எங்கூட்டுக்காரர் மேல பழி வந்துருச்சுங்க, இதைச் செஞ்சது யாருன்னு மாசாணியம்மா காட்டட்டும், வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குப் போயி மொளகா அரைக்கப் போறேனுங்க என்று சொல்லிப் போனாள். அங்கே மிளகாய் அரைத்து அம்மன் மேல் பூசினால் தப்புச் செய்தவன் உடம்பு எரியும் என்பது உனக்கும் தெரியும்; அரைக் கிலோ மிளகாய் வாங்கியும் வைத்துவிட்டாளாம். எனக்கு ஏன் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்பது உனக்கு இன்னும் கொஞ்சம் கீழே தெரியும்.

வியாழக்கிழமை காலை வேலுமணி வேலையில் இறங்கினார். அம்மணி, நான் முப்பத்தொரு வருடம் மேற்பார்வை பார்த்தவன், என்னைக் கேட்டுத்தான் இந்த மாவட்டத்துக்கே கரன்ட் வருகிறது என்று நினைத்திருந்தவன், அன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மெயினை அணைத்தார். அணைத்துவிட்டுச் சும்மா நின்றார். திறங்க வேலு என்றேன். இருங்கண்ணா, பெட்டிக்குள்ள கரன்ட்டு இன்னும் உசுரோட இருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் நின்றார், மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கையை உள்ளே விட்டார். வேலை போகப்போகிற மனிதர் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தைக்கூடத் திருடவில்லை. மோட்டாருக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு டிரைவை மட்டும் தனியாக ஓட்டினார், அது சத்தமில்லாமல் ஓடியது. இது மேல தப்பில்லீங்க என்றார். நான் அறிவாளியாக, இன்சுலேஷன் அளக்கும் மெக்கரை டிரைவ் முனையிலேயே வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, அதுல வெச்சா பெட்டி செத்துப்போயிருமுங்கண்ணா என்றார். மோட்டார்ப் பக்கமும் கழற்றிக் கேபிளைத் தனியாக அளந்தார், அவர் போட்ட கேபிள் தங்கம். மோட்டாரைத் தனியாக அளந்தார், முள் அரை மெகா ஓமுக்கும் கீழே படுத்துக்கொண்டது, கசிவு அங்கேதான்.

மோட்டாரில் கேபிள் வந்து சேரும் டெர்மினல் பாக்ஸைத் திறந்தார். உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. கரைந்த சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்தி இதழ். அம்மணி, பூஜைக்கு முந்தின நாள் எல்லோரும் போன பிறகு, அந்த மோட்டாருக்கு ரப்பர் குழாயால் பேரூர் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் குறையாமல் அபிஷேகம் செய்து பொட்டு வைத்துப் பூப்போட்டது நான். மூடியின் ரப்பர் வெடித்திருந்ததை நான் கண்டேனா. ராத்திரிக் குளிருக்கு ஈரம் கோத்துக்கொள்ளும், வெயிலுக்குக் காயும், அவ்வளவுதான். அந்த ஷெட்டில் பூஜை போடுவது வருடா வருடம் நான்தான் என்று வேலுமணிக்குத் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த இதழை விரலால் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நீ உன் சித்திக்கு வாங்கி வந்த ஹேர் டிரையரை நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன், மூன்று மணி நேரம் சூடு காட்டி, ரப்பரை மாற்றி அளந்தார், முள் நூறைத் தாண்டியது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஒரே சுவிட்சில் ஃபேன் எழுந்தது. முதலாளி, தண்ணி எப்படி வந்துச்சு என்று கேட்டார். பழைய ரப்பருங்க, ஈரம் ஏறிடுச்சு என்றார் வேலுமணி. அதைப் பாக்காம கேபிள் போட்டது உங்க தப்புதானுங்களே என்றார் முதலாளி. என்னைக் காட்டிக்கொடுக்காமலேயே வேலுமணி வேலையை விட்டுப் போய்விடுவார் போலிருந்தது. அவர் கை மட்டும் அந்த இதழ் கிடந்த சட்டைப்பையின் மேல் இருந்தது. மிளகாய்க்குப் பயந்தேன் என்று உன் சித்தி சொல்கிறாள், பயந்தேன்தான். ஆனால் என் வாயைத் திறந்தது அந்தக் கை. தண்ணி அடிச்சது நானுங்க என்றேன். முதலாளி என் பக்கம் திரும்பி, ஏனுங்க, அது மோட்டாருங்களா தேருங்களா என்றார். பிறகு வேலுமணியிடம், நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க என்றார். சரிங்க என்றார் வேலுமணி, அதே பழைய சரிங்கதான். ரப்பர் குழாய் இப்போது அவருடைய அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

பழனியாத்தாள் ஆனைமலைக்குப் போகவில்லை. வாங்கின மிளகாயைக் கொண்டுவந்து, அரைக்க வேண்டியதில்லைன்னு ஆயிருச்சுங்கண்ணா, ஊட்டுக்கு ஆகட்டும் என்று என் கையிலேயே கொடுத்தாள். சித்தி அதை வறுத்துப் பொடியாக்கிவிட்டாள். பாதி எனக்கு. நிரபராதியான டிரைவ் மேல் பழி போட்டவள் நீ என்பதால் மீதிப் பாதி பார்சலில் உனக்கு வருகிறது.

குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. மகராசியாக இரு, நீ தொடும் மோட்டாரெல்லாம் நூறு மெகா காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வேலுமணிக்கு போன் போட்டு உன் தப்பை ஒப்புக்கொள். முதலில் பொடியை ஒரு வாய் தின்றுவிட்டுப் போடு.

ஆசிகளுடன்,
உன் சித்தப்பன்
வெங்கடபதி