ரோஸ்லின் பெயருக்கு நேரே நான் போட்ட டிக்

என் உயிரான காவேரி அக்காவுக்கு,

உன் தம்பி ஏகாம்பரம் எழுதுகிறேன். யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. இது என் கை. மூன்று நாளாக எழுதுகிறேன். அரைப் பக்கம் எழுதினால் விரல் மரத்துப் போகிறது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடியும் உட்காருகிறேன். அணுபுரத்தில் முப்பது வருஷம் வேலிச்செடி வெட்டிய கைக்கு ஒரு பேனா கனமாக இருக்கிறது என்றால் நீ நம்புவாயா?

நீ கண்ணை மூடி இது இரண்டாவது மார்கழி. நீ போகச் சொன்ன மாலை வகுப்புக்குப் போனேன். நம் பள்ளிக்கூடத்தில்தான், நீ பிள்ளைகளுக்குச் சாம்பார் ஊற்றின அதே வராந்தாவில் நடக்கிறது. "கைநாட்டாவே செத்துடாதடா ஏகா. எனக்குத்தான் அடுப்ப வுட்டு வர முடியல, நீயாச்சும் போ" என்று சொன்னாயே. இப்போது சோப்பு உறையைப் படிக்கிறேன், மாத்திரை அட்டையைப் படிக்கிறேன். ஒரு நாள் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து, வருகிற பஸ்ஸின் பலகையை எல்லாம் படித்தேன். டீக்கடைக்காரர் பக்கத்தில் வந்து, "பெரியவரே, வூடு எங்கன்னு ஞாபகம் கீதா?" என்று கேட்டார். அன்றைக்கு வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதைச் சொல்ல இல்லை அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் முதலில் சொன்னால்தான் நாளைக்கு இன்னொருத்தியிடம் வாயைத் திறக்க முடியும் என்று தோன்றுகிறது.

அரைப் பரீட்சை லீவு முடிந்தால் பள்ளிக்கூடம் எப்படி மாறிவிடும் என்று உனக்குத் தெரியும். பாடத்தைவிட மற்ற வேலைதான் அதிகம். இந்த வருஷம் பிள்ளைகள் காலையில் ஏரிக்கரையில் நின்று, பனி எத்தனை மணிக்கு விலகுகிறது என்று பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள். களிமண்ணில் பறவை செய்கிறார்கள். நாலாவது பிள்ளைகள் செய்த ஒரு கொக்குக்குக் கால் நிற்கவே இல்லை, துடைப்பக் குச்சியைச் செருகி நிறுத்தினார்கள். பிறகு, வழக்கம்போல வேடந்தாங்கல்.

வருஷா வருஷம் வேடந்தாங்கலுக்குப் பிள்ளைகளோடு போகிறவள் நீ. புளிசோற்று அண்டாவோடு பஸ் வாசலில் நிற்பாய். ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுப் பெயரைச் சொல்லித்தான் உள்ளே விடுவாய். தட்டில் சோறு போட்டே அத்தனை பெயரையும் மனப்பாடம் பண்ணியவள் நீ. ஓர் எழுத்து தெரியாது உனக்கு. ஒரு பிள்ளையையும் நீ விட்டுவிட்டு வந்ததில்லை.

இந்த வருஷம் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்கா எடத்துக்கு நீங்க வாங்க தாத்தா. பேர் லிஸ்ட் உங்க கையில இருக்கட்டும்" என்றார். முப்பத்தொரு பெயர் எழுதிய தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காலைக்கு ஒரு கட்டம், மத்தியானத்துக்கு ஒரு கட்டம். அன்று ராத்திரி அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். சிரிக்காதே.

போன வெள்ளிக்கிழமை காலையில் பஸ் வாசலில் நின்று பெயர் படித்தேன். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். பிள்ளைகள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் 'தி' என்று ஆரம்பித்ததும் "திவ்யா தாத்தா, திவ்யா" என்று பத்துக் குரல் வந்தது. டிரைவர் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"இன்னா தாத்தா, நீ படிச்சி முடிக்கறதுக்குள்ள பறவைங்கெல்லாம் வந்த ஊருக்கே திரும்பிப் பூடும் போல கீதே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே ஏதோ ஒன்று சுருங்கிப் போனது.

ஏரி தளும்பத் தளும்ப நின்றது அக்கா. இந்த வருஷம் நல்ல மழை. கரையோரம் ஒரு பெரிய பலகையில் பறவைப் படமும் பெயரும் எழுதி வைத்திருந்தார்கள். நீர்க்காகம் படித்துவிட்டேன். பாம்புத்தாரா படித்துவிட்டேன். நத்தைகுத்தி நாரையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது சாப்பிடக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் ரோஸ்லின் நின்றாள். நாலாவது படிக்கிறாள், அதிகம் பேசாத பெண். அவள் அம்மா ஸ்டெல்லா மறைமலைநகரில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். உனக்கு அவளைக் கைக்குழந்தைக்காரியாக இருந்த நாளிலிருந்தே தெரியும்.

"இந்தப் பேரெல்லாம் எனக்கு எழுதிக் குடும்மா. நான் வூட்ல குந்திகினு நிதானமா படிக்கிறேன்" என்றேன் ரோஸ்லினிடம்.

"எல்லாத்தையுமா தாத்தா?"

"எல்லாத்தையும்."

சும்மா ஆசையில் சொன்னேன். அவள் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாது.

மரத்தடியில் சாப்பிட்டோம். பக்கத்தில் இன்னொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். அரசாங்கப் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரே உடுப்புதானே. கைகழுவுகிற குழாயிடம் எது நம் பிள்ளை, எது அவர்கள் பிள்ளை என்றே தெரியவில்லை. கிளம்புகிற நேரத்தில் நம் பிள்ளை ஒன்று வாந்தி எடுத்தது. பெரிய டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போனார். சின்ன டீச்சர் அண்டாவை ஏற்றப் போனார். "தாத்தா, பேர் படிச்சு ஏத்திடுங்க" என்று பெரிய டீச்சர் உள்ளே இருந்தே சொன்னார்.

தாளை விரித்தேன். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஹாரனை ஒரு தரம் மெதுவாக அழுத்தினார். பெயரைப் படிக்கவில்லை அக்கா. விரலை நீட்டித் தலையை எண்ணினேன். முப்பத்தொன்று. சரியாக இருந்தது. மத்தியானக் கட்டம் முப்பத்தொன்றிலும் மேலிருந்து கீழே மடமடவென்று டிக் போட்டேன். "சரியா கீது, எடுப்பா" என்றேன்.

உன்னைப் போலத் தலையையாவது தொட்டிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. எழுத்துத் தெரிந்தவனுக்கு எதற்குத் தொடுவது என்று நினைத்தேனோ என்னவோ.

பஸ் ஓட ஆரம்பித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இப்போது யாரும் கேட்கப் போவதில்லை. மடியில் தாளை வைத்துக்கொண்டு, ஆசைக்கு ஒவ்வொரு பெயராகப் படித்து, அந்த முகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. ரோஸ்லின் என்று படித்தேன். தேடினேன். முகம் இல்லை.

உடனே கத்தியிருக்க வேண்டும் அல்லவா? நான் என்ன செய்தேன் தெரியுமா? நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். மறுபடியும் எழுத்துக் கூட்டினேன். மூன்றாவது தரமும் கூட்டினேன். என் எழுத்து பொய் சொல்லும், கணக்கு பொய் சொல்லாது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வயலும் பனைமரமும் ஓடிக்கொண்டிருந்தன. படாளம் கூட்டு ரோடு வந்துவிட்டது. அப்போதுதான் எழுந்தேன். தாளைப் பெரிய டீச்சரிடம் நீட்டினேன்.

பெரிய டீச்சர் பார்த்தார். "எண்ணினீங்களா தாத்தா?"

"எண்ணினேன்."

"படிச்சீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் பின்னால் ஓடினார். கடைசி சீட்டில் ஜன்னலோரம் குல்லா போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தது. குல்லாவை எடுத்துப் பார்த்தால் நம் பிள்ளை இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தூக்கக் கலக்கத்தில் நம் வரிசையில் ஏறிவிட்டது. முப்பத்தொன்றாவது தலை அதுதான்.

ரோட்டில் டிரைவர் வண்டியைத் திருப்பின வேகத்தில் அண்டா உருண்டது. அந்தத் தூரம் முழுக்க எனக்குக் கண்ணுக்குள் தண்ணீர்தான் தெரிந்தது. கரை விளிம்பு வரைக்கும் நின்ற அந்தத் தண்ணீர். அதற்குப் பக்கத்தில் ரோஸ்லினின் நோட்டுப் புத்தகம் கிடப்பது போலத் தெரிந்தது. அக்கா, உன்னைக் கூப்பிட்டேன். வாய்விட்டுக் கூப்பிட்டேன் என்று சின்ன டீச்சர் அப்புறம் சொன்னார்.

ரோஸ்லின் அந்தப் பறவைப் பலகைக்கு அடியில் சம்மணம் போட்டு, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் நின்றுகொண்டிருந்தார். தங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைத் தேடி அழுது அவர் முகம் வீங்கியிருந்தது. அழுதுகொண்டே நம் பிள்ளையின் தோளை விடாமல் பிடித்திருந்தார். குல்லாக்காரியைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரோஸ்லின் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தாத்தா, இன்னும் ரெண்டு பேரு பாக்கி கீது. இருங்க" என்றாள்.

டிரைவர் இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார். "நானும் அவசரப்பட்டுகினேன் தாத்தா. வா, ஏறு" என்றார். அந்தக் கை என்னவோ செய்தது. ஆனால் தாள் இருந்தது அவர் கையில் இல்லை, என் கையில்.

வரும் வழியில் பெரிய டீச்சர் சொன்னார்: "புள்ள கெடச்சுட்டா இல்ல, விடுங்க. அவங்க அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்." இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வருஷம் யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள் என்று அவருக்கும் பயம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஸ்டெல்லா தெருவில் என்னை நிறுத்தினாள். "இன்னா தாத்தா, எம்பொண்ணு எழுதி முடிக்கட்டும்னு பஸ்ஸே திரும்பி வந்துச்சாமே? வூட்ல ஒரே பெரும" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் அக்கா. சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவளுக்கு அது விளையாட்டுப் பேச்சு. அந்தப் பேச்சுக்குள் எத்தனை ஆழம் தண்ணீர் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பொங்கல் விழா. நீ இருந்தால் பானை உன் பொறுப்பு. களிமண் பறவைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பெற்றவர்கள் முன்னால் நின்று, ரோஸ்லின் எழுதிக் கொடுத்த பறவைப் பெயர்களை நான் படிக்க வேண்டும். பெரிய பெரிய எழுத்தாக, என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறாள். நத்தைகுத்தி நாரை இப்போது தடங்கல் இல்லாமல் வருகிறது. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டெல்லாவும் வருகிறாள்.

அவள் கைதட்டுவாளே, அதை நினைத்தால்தான் எனக்கு நடுங்குகிறது. இந்த வயதில் ஒரு டிக்குக்குப் பயப்படுவேன் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் என்ன சொல்வாள்? "உன்ன நம்பி அனுப்பினேனே" என்றால் எங்கே பார்ப்பேன்? பிள்ளைகள் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டால்? இந்த வராந்தாவை விட்டால் நான் எங்கே போய்ப் படிப்பேன்?

பெரிய டீச்சரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், நான் மறைக்க மாட்டேன் என்று. "நானும் கூட நிக்கிறேன்" என்றார் அவர். அந்தத் தாள் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அழிக்கவில்லை. ரப்பர் எடுத்தது உண்மை. அழிக்கவில்லை.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு விழா தொடங்குவதற்கு முன்னால் ஸ்டெல்லாவைப் பானையடிக்குக் கூப்பிட்டு, இந்தத் தாளை விரித்து, ரோஸ்லின் பெயருக்கு நேரே விரலை வைத்து, "உன் பொண்ணு இல்லாதப்ப இருக்கான்னு போட்டவன் நான்" என்று என் வாயால் சொல்வேன். அவள் படி என்றால் படிக்கிறேன். வேண்டாம் என்றால் கடைசி வரிசையில் உட்காருகிறேன். நான் சொன்னதை அவள் கேட்ட பிறகுதான், மாலை வகுப்புக்காரர்கள் எழுதியதை ஒட்டுகிற பள்ளிக்கூடச் சுவருக்கு இந்தக் கடிதத்தைக் கொடுப்பேன். இனி என் கையில் ஒரு பெயர்த்தாள் வந்தால், யார் ஹாரன் அடித்தாலும் சரி, எழுத்தைக் கூட்டுவேன், முகத்தைப் பார்ப்பேன், தலையைத் தொடுவேன். மூன்றும் செய்த பிறகுதான் டிக்.

நீ ஒரு தலையையும் விட்டதில்லை. நான் ஒன்றை விட்டேன். பயத்தோடுதான் போகிறேன், ஆனால் போகிறேன்.

உன் கூடப் பிறந்த தம்பி,
ஏகாம்பரம்