இடி விழுந்த மணலில் எடுத்த கண்ணாடி

இன்று காலை தேவனாம்பட்டினம் கரையில் நடந்தபோது பச்சைக் கண்ணாடிச் சில்லு ஒன்று காலில் தட்டுப்பட்டது. சோடா பாட்டில் துண்டாக இருக்கும். அலை அதன் முனைகளை மழுக்கி, கற்கண்டு போல மங்கலாக்கியிருந்தது. நீயாக இருந்தால் குனிந்து எடுத்திருப்பாய். நான் தாண்டிப் போனேன். நாலடி போனதும் உன் குரல் கேட்டது. "கடல் கண்ணாடி செய்யாதுடி. மனுசன் வீசுனதத் தேய்க்கும், அவ்ளோதான். மண்ண உருக்கணும்னா நெருப்பு வேணும்."

அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகத்தில் அன்று நாம் இருவரும் நிலவியல் ஆராய்ச்சி மாணவிகள். விடுதியில் ஒரே அறை. ஒரு கோடை மழைக்கு மறுநாள், கடலூர் முதுநகரிலிருந்து உன் அம்மா போன் செய்தார்: "சவுக்குத் தோப்புல இடி விழுந்து மரம் கருகிப்போச்சு." என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாய். கருகிய மரத்தடியில் மணலைக் கையாலேயே விலக்கினாய். விரல் பருமனில் ஒரு குழல், நட்டுவைத்தது போல நிமிர்ந்து நின்றது. வெளியே மணல் ஒட்டிய சொரசொரப்பு. உள்ளே வழவழவென்று கண்ணாடி. மின்னல் மணலை உருக்கிச் செய்தது. நம் இருவர் போனிலும் அப்போது கேமரா கிடையாது. அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாய்.

நம் பேராசிரியர் அதை விரலால் புரட்டிப் பார்த்தார். "ஏதோ உலைக் கசடு. பேக்டரி குப்பையிலேர்ந்து எடுத்துவந்து மணல்ல சொருகிட்டு, கண்டுபிடிப்புங்கிறியா?"

"இல்ல சார். இவளும் கூட இருந்தா. நிமிந்து நின்னத பாத்தா."

அவர் என்னைப் பார்த்தார். என் ஆய்வேடு அவர் மேசைமேல் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

படிக்கட்டில் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். "ஒனக்குக் கையெழுத்து வேணும்ல, விடுடி" என்றாய். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். ஓர் அறை விட்டிருக்கலாம். அந்த மாதமே ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கம்மாபுரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு வேலைக்குப் போனாய். உன் அறிவுக்கு அங்கே என்ன வேலை? ஆறாம் வகுப்புக்குப் பாறை வகைகள். நான் டாக்டர் பட்டம் வாங்கிக் கல்லூரி ஆசிரியை ஆனேன். போன் செய்தபோதெல்லாம் என் நலம் விசாரித்தாய். உன் பெருந்தன்மைமேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

மஞ்சள் காமாலை மூன்றே வாரத்தில் உன்னைக் கொண்டுபோயிற்று. அடக்கத்தன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணு ஒன்னப் பத்தி ஒரு வார்த்த கொற சொன்னதில்லம்மா." அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

பேராசிரியர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். எனக்குக் கையெழுத்துப் போட இனி யாரும் வேண்டாம். போன மாதம் மின்னல் கண்ணாடி பற்றி வகுப்பு எடுத்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மேடம், நம்ம கடலூர் பக்கம் கெடைச்சிருக்கா?"

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பதிவு எதுவும் இல்லம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.