வேலியைச் சுற்றி வரும் வழி

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
வைகாசி மாதம், 2006

அன்பு மகன் ஹரிசனுக்கு அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு இங்கே சுகம். ரொறொன்ரோவில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் அம்மாவின் படத்துக்கு விளக்கு வைக்கும்போது சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு கட்டுப் படங்கள் வைத்திருக்கிறேன். கடிதத்தை வாசித்து முடித்த பிறகு படங்களைப் பார். நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று தெரியும், சின்ன வயதிலேயே பார்சலைக் கண்டால் கிழித்துவிட்டுத்தான் யார் அனுப்பியது என்று பார்ப்பாய். பார்த்துவிட்டாய் என்றால் ஒழுங்கைக் குலைக்காமல் அப்படியே அடுக்கி வை. ஒவ்வொன்றின் பின்னாலும் உன் மகள் அபிஷா தன் கையால் இலக்கம் போட்டிருக்கிறாள். ஏழைத் திருப்பி எழுதியிருக்கிறாள், அதைப் பார்த்துக் குழம்பாதே.

ரெலிபோனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். ரெலிபோனில் நான் எதைச் சொன்னாலும் நீ ஓம் அப்பா, ஓம் அப்பா என்கிறாய், பிறகு கார்ட் முடியப்போகிறது என்கிறாய். கீழ் மாடியில் இருக்கும் கிரிதர், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுப் பொடியன், படங்களை ஈமெயிலில் ஒரு நிமிஷத்தில் அனுப்பித் தருகிறேன் என்றான். பிள்ளை சம்மதிக்கவில்லை. ஈமெயிலில் அனுப்பினால் பின்பக்கம் வராதாம். அதுவும் நியாயம்தானே. இந்தக் கட்டடத்தில் தமிழ் கேட்பதென்றால் இப்போது அவனும் அவன் மனைவி மீராவும்தான். எங்கள் ஆட்கள் எல்லாரும் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். எதிர்வீட்டு மங்களேஸ்வரியும் மாசியில் போய்விட்டா. போகும்போது கறிவேப்பிலைச் செடியை என்னிடம் தந்துவிட்டுப் போனா, அது நான்கு இலையோடு நிற்கிறது. ஒரு ஆளுக்குச் சோறு காய்ச்ச எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, இரண்டு நாளைக்கு மிஞ்சுகிறது. பின்னேரத்தில் ரயில் நிலையத்து நீள மர வாங்கில் போய்க் குந்தி இருக்கிறேன். கடைசி ஸ்டேஷன் என்பதால் எல்லாரும் இறங்கித்தான் ஆக வேண்டும். எல்லாரும் இறங்கிப் போன பிறகு நானும் எழும்பி வீட்டுக்கு வருகிறேன். யாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

பிள்ளை ஒன்றுவிட்ட கிழமை சனி ஞாயிறில் வந்து நிற்கிறாள். அது நீயும் கஜேந்தினியும் பிரிந்தபோது உனக்கென்று எழுதிவைத்த சனி ஞாயிறு. நீ இல்லாததால் நான் வைத்திருக்கிறேன், கஜேந்தினியும் ஒரு முறைகூடத் தவறாமல் கொண்டுவந்து விடுகிறாள். போன முறை வந்தபோது, பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய சின்னக் கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு அனுப்ப எங்கள் இடத்தைப் படம் எடுக்க வேண்டும், வாருங்கள் அப்பப்பா என்று என்னைக் கூப்பிட்டாள். வெயில் வந்திருந்தது, எனக்கும் நல்ல சந்தோசம். நான் தாடியை எடுத்து, நல்ல சேர்ட் போட்டு, தலையும் வாரி இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் ஏதாவது ஒன்றுக்கு முன்னால் போய் நேராக நிற்பது. கை இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. வடக்கே வார்டோவில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் நான் ஊருக்கு அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு காருக்குப் பக்கத்தில் நிற்பேன். ஒன்றுகூட என்னுடையதில்லை. அம்மா அதை நம்பி, எயார்போட்டுக்கு எந்தக் காரில் வருவீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தா.

அந்தப் பழக்கத்தில் நான் ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகைக்கு முன்னால் போய் நின்றேன். பிள்ளை என்னைத் தள்ளிப் போகச் சொன்னாள். சரி, நீ நில், நான் எடுக்கிறேன் என்றேன். அதுவும் வேண்டாமாம். ஒருவரும் இல்லாத பலகையை எடுத்தாள். பிறகு மேலே வரும் லிஃப்டை எடுத்தாள். அந்தக் கல்லும் கண்ணாடியுமான தேவாலயத்தை எடுப்பாள், அது வடிவான கட்டடம் என்று நினைத்தால், அதற்கு முன்னால் வழி பிரிகிற இடத்தில் இருக்கும் குப்பைத்தொட்டியை எடுத்தாள். எனக்குக் கொஞ்சம் சினம் வந்தது. கனடாவிலே குப்பைத்தொட்டி இல்லையா, அதைப் பார்த்து அப்பா என்ன செய்யப்போகிறார் என்று கேட்டேன். அவள் அடுத்ததை எடுக்க நடந்துவிட்டாள். படங்கள் எல்லாம் அவளுடைய உயரத்தில்தான் இருக்கும், நீ பார்க்கும்போது கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.

கடைக்குப் பின்னால் ஒரு நடைவழி ஒழுங்கை இருக்கிறதே, பனிக்காலத்தில் நீ அவளைச் சறுக்கு வண்டியில் இருத்தி இழுத்துக்கொண்டு வருவாய், அதை இப்போது மறித்துவிட்டார்கள். புதுத் தொடர்மாடி கட்டுகிறார்கள். மார்கழியிலிருந்து பலகை வேலி நிற்கிறது. அந்த வேலிக்கு முன்னால் பிள்ளை கனநேரம் நின்றாள். ஒன்று எடுத்தாள், சரிவரவில்லை என்று இன்னொன்று எடுத்தாள். இது வடிவில்லை, வா அம்மா போவோம் என்றேன். அப்போதுதான் சொன்னாள், "அப்பா பழைய வழியாலே வருவார். வேலியைக் கண்டால் திரும்பிப் போயிடுவார், அப்பப்பா."

மகன், எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அவள் இவ்வளவு நேரமும் எடுத்தது வேறொன்றுமில்லை, ரயிலில் இருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வருகிற வழி. அப்பா இங்கேதான் வளர்ந்தவர், அவருக்கு வழி தப்பாது என்று சொன்னேன். அப்படியென்றால் ஏன் வரவில்லை என்று கேட்டாள். நான் அந்தா ஒரு நாய் நிற்கிறது, வடிவான நாய், அதை எடு என்றேன். எடுத்தாள். நாயும் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் அதற்கு மட்டும் இலக்கம் இல்லை. நாய் எப்போதும் அங்கே நிற்காதாம், அதை நம்பி வந்தால் அப்பா வழி மாறிப் போய்விடுவாராம்.

வேலியைச் சுற்றி வருகிற வழிக்குப் பெயர்ப்பலகை இல்லை. அதற்கு அவள் என்னை முன்னால் நடக்கவிட்டாள். அப்பப்பா எந்தப் பக்கம் நடக்கிறாரோ அந்தப் பக்கம்தான் வழி என்று அப்பாவுக்கு விளங்குமாம். அந்த மூன்று நான்கு படங்களிலும் ஒரு கிழவன் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான், பார்த்திருப்பாய். அது நான்தான். என்னை நான் பின்னாலிருந்து கண்டது இதுதான் முதல் தடவை. இவ்வளவு கூனிவிட்டேன் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள். போட்டிருப்பது நீ விட்டுவிட்டுப் போன நீல ஜாக்கெட், தோள் பெரிது, அதனால் இன்னும் கூனலாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்.

கடைசிப் படத்தைப் பற்றியும் எழுத வேண்டும். அடுத்த நாள் பின்னேரம் கஜேந்தினி பிள்ளையை ஏற்றிப்போகக் காரோடு வந்தாள். கட்டடத்து வாசல் கதவை மட்டும் ஆட்களோடு எடுக்க வேண்டும் என்று பிள்ளை நின்றுவிட்டாள். இங்கே எல்லாக் கதவும் ஒரே மாதிரி, அதனால் அப்பா வேறு வீட்டுக்குப் போய்விடுவாராம். கிரிதர் கடைப் பையோடு வந்தான், அவன் கையில் கமராவைக் கொடுத்தாள். நாங்கள் நின்றோம், கஜேந்தினி, பிள்ளை, நான். அவன் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டு இறக்கினான். மூணு பேரா நிக்கறீங்களே சார், எங்க வீட்ல இப்படி எடுக்க விடமாட்டாங்க, மீராவைக் கூப்பிடட்டுமா என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அம்மாவின் ஞாபகமும் வந்தது. மூன்று பேராக நின்று படம் எடுக்கக் கூடாது என்பதில் அம்மா எவ்வளவு கடுமை என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவும் நீயும் நானுமாக மூன்று பேர் படம் எடுக்க இருந்தபோதுகூட அந்த நோர்வே நர்ஸை இழுத்து நடுவில் நிற்கவைத்தாவே. அதனால்தான் நீயும் கஜேந்தினியும் பிள்ளையும் மட்டும் நிற்கிற படம் ஒன்றுகூட அல்பத்தில் இல்லை. எல்லாவற்றிலும் நானோ அம்மாவோ யாராவது விருந்தாளியின் பிள்ளையோ நிற்கிறோம். பிள்ளை அல்பத்தைப் புரட்டிப் புரட்டித் தேடுவாள், நான் கண்டிருக்கிறேன்.

கிரிதர் மீராவைக் கூப்பிடப் போனான். பிள்ளை மறித்துவிட்டாள். "நாலாவது ஆள் இருக்கு. அது அப்பா." சொல்லிவிட்டு என் கையை விட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம். அந்தப் பக்கத்துக் கையை ஒருவர் பிடித்திருக்கிற மாதிரி நீட்டி வைத்துக்கொண்டாள். கஜேந்தினி காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம் கிரிதர், எடுத்துத் தந்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் பையோடு அப்படியே நின்றான்.

கமராவைக் கஜேந்தினி கொண்டுபோய், அவர்களுக்குக் கிட்ட இருக்கிற ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு இந்த முறை வந்தாள். இவ்வளவு நாளும் வாசலில் நின்று பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவள், இந்த முறை சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குசினிக் கதிரையில் இருந்தாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பிள்ளை மேசையில் படங்களை வரிசையாகப் பரப்பி, இலக்கம் போட்டு முடித்துவிட்டு ரீவி பார்க்கப் போனாள். பிறகு கஜேந்தினி சொன்னாள், சத்தம் போட்டுச் சொல்லவில்லை, "மாமா, வருவார் எண்டு இனிப் பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. வாறதெண்டால் திகதியைச் சொல்லட்டும். வராட்டில் அதையும் அவரே அவளுக்குச் சொல்லட்டும்."

அவள் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. போகும்போது ஆறு மாதம் என்றாய், இரண்டு வருஷம் ஆகிறது. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு என்றாய், பிறகு சித்திரைக்கு என்றாய். ஒவ்வொரு முறையும் நான்தான் அதைப் பிள்ளையிடம் சொன்னேன். இனிச் சொல்ல மாட்டேன். உனக்கும் கஜேந்தினிக்கும் இடையில் என்ன என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் இரண்டு பேருடைய விஷயம். அவளோடு சேர்ந்து இரு என்று சொல்லவும் இதை எழுதவில்லை. ஆவணியில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. முதல் நாள் முற்றத்தில் வைத்து ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பிள்ளைகள் தாயையும் தகப்பனையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கஜேந்தினி ஒரு பக்கம் நிற்பாள். மற்றப் பக்கம் நான் நிற்கலாம், நின்றால் ஒருவரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் படத்தில் அவள் எனக்கு இடம் விடவில்லை, உனக்குத்தான் விட்டாள். அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ரெலிபோனில் சொல்ல வெட்கமாக இருக்கும். எனக்கும் உன்னைக் காண வேண்டும் போல இருக்கிறது. வீட்டில் சத்தமில்லை. நேற்றுப் பிள்ளை போன பிறகு அவள் குடித்த பால் கோப்பையை நான் இன்னும் கழுவவில்லை, மேசையில் அப்படியே இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, அங்கே வெயில் அடித்தாலும் காற்றுக் குளிர் என்று கேள்விப்பட்டேன். நீ எங்கே இருந்தாலும் நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அம்மா உன்னைப் பார்த்துக்கொள்வா. வருவதென்றால் திகதியைப் பிள்ளைக்கே ரெலிபோன் எடுத்துச் சொல்லு. வரும்போது இந்தப் படங்களைக் கையோடு கொண்டுவா. வழி தெரிந்தாலும் கொண்டுவா, கையில் வைத்திருக்கிறாயா என்று அவள் பார்ப்பாள். கடைக்குப் பின்னால் வேலி நிற்கும். அதைக் கண்டு திரும்பிப் போகாதே மகன், சுற்றிக்கொண்டு வா.

உன் வரவுக்கு ரயிலடி வாங்கில் இருக்கும்
அப்பா
மகேசன்